கை பேசும் கவிதைக்குக் காது எதற்கு?

காது கேளாதவர்களின் இலக்கியம் என்று பேச்செடுத்தால் தமிழ் வாசகர்களிடமிருந்து இரண்டில் ஒரு பதில்தான் வரும். யாப்பு தெரிந்தவர், "கவிதை என்பதே ஓசைதானே, ஓசையே அறியாதவர் என்னத்தை எழுதுவார்?" என்று கேட்பார். இரக்கம் மிகுந்தவர், "அவர்களைப் பற்றி நம்மவர்கள் எழுதியிருக்கிறார்களே, நல்ல படங்கள்கூட வந்திருக்கின்றனவே" என்று ஆறுதல் சொல்வார். இரண்டுமே தவறு. இரண்டாவது கூடுதல் தவறு, ஏனென்றால் அது பார்வைக்குத் தவறாகவே தெரியாது.

முதல் பதிலுக்குப் பின்னால் பெரிய மரபு நிற்கிறது என்பதை மறுக்க முடியாது. செவிவழி வரும் செல்வமே செல்வங்களுக்கெல்லாம் தலையானது என்று தொடங்குகிறது வள்ளுவரின் கேள்வி அதிகாரம். எழுத்து, அசை, சீர், தளை என்று ஒலியை அளந்து அளந்தே நமது இலக்கணம் வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் செய்யுளைப் படித்தவர்களைவிட ஒப்புவித்தவர்களே அதிகம். இப்படி வளர்ந்த ஒருவருக்குக் காது கேளாத கவிஞர் என்பது முரணாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் வியப்பில்லை என்பதற்காக அது உண்மையாகிவிடாது.

16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிதையைத் திருப்பிப் போட்டவர்கள் என்று இருவரைச் சொல்வார்கள்: ரொன்சார், து பெல்லே. இருவருக்கும் காது சரியாகக் கேட்காது. அதை ஒளித்து வைக்கவும் இல்லை. கேளாமையைப் போற்றியே து பெல்லே ஒரு நீண்ட கவிதை எழுதி அதை ரொன்சாருக்குக் காணிக்கையாக்கினார். அதற்கும் முன்பு, 15ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் தெரேசா தெ கார்த்தஹேனா என்ற கன்னியாஸ்திரி, செவித்திறன் இழந்தபின் தன் தனிமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இதை ஒரு பெண் எழுதியிருக்க முடியாது என்று ஆண்கள் சந்தேகப்பட்டார்கள். அவர்களுக்குப் பதிலாகவே இரண்டாவது நூலை எழுதினார். காது கேளாதவர்களின் எழுத்து வரலாற்றில் மறுப்புக் கட்டுரை என்ற வடிவம் இவ்வளவு முன்னதாகவே வந்துவிடுவது தற்செயல் அல்ல. அவர்கள் எழுதத் தொடங்கும்போதெல்லாம் எதிரே ஒருவர் "உன்னால் முடியாது" என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அந்த வரிசையில் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் பியேர் தெலோஜ். பாரிசில் புத்தகம் கட்டியும் சுவருக்குக் காகிதம் ஒட்டியும் பிழைத்த தொழிலாளி. ஏழு வயதில் பெரியம்மை வந்து செவித்திறன் போயிற்று. வளர்ந்து ஆளான பிறகுதான், ஒரு நடிகரிடம் வேலை பார்த்த காது கேளாத இத்தாலியர் அவருக்குச் சைகை மொழியைக் கற்றுக்கொடுத்தார். தேஷாம் என்ற பாதிரியார் சைகை மொழியை மட்டந்தட்டி ஒரு நூல் வெளியிட்டபோது தெலோஜ் பொறுக்கவில்லை. 1779இல் அவர் வெளியிட்ட பதில்தான் காது கேளாத ஒருவர் எழுதி அச்சான முதல் நூல்களில் ஒன்றாக இன்று கருதப்படுகிறது. தன் மொழியில் நாலைந்து சொற்களை மட்டும் தெரிந்துகொண்ட வெளிநாட்டான் அந்த மொழியையே குறைசொல்வதைக் கேட்கும் பிரெஞ்சுக்காரனின் நிலைதான் தனக்கும் என்று எழுதினார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பத்தாண்டு முன்பு ஒரு கூலித் தொழிலாளி இதை எழுதிவிட்டார். இருநூற்று நாற்பது ஆண்டு கழித்தும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் தாமதம்.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நியாயமான குறுக்கீடு செய்யும். தெலோஜுக்கு ஏழு வயதுவரை காது கேட்டதே? தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆங்கிலக் கவிஞர் டேவிட் ரைட்டும் ஏழு வயதில்தானே செவித்திறன் இழந்தார்? ஒடேசாவில் பிறந்த இல்யா காமின்ஸ்கியும் நான்கு வயதுவரை கேட்டவர்தானே? ஓசையின் நினைவை வைத்துக்கொண்டு எழுதினார்கள், பிறவியிலேயே கேளாதவர் எழுதுவாரா? கேள்வி சரி. பதில் காகிதத்தில் இல்லை, கையில் இருக்கிறது.

கிளேட்டன் வாலி என்ற அமெரிக்கர் (1951–2003) அமெரிக்கச் சைகை மொழியில் கவிதை செய்தவர். அதன் யாப்பை ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றவர். சைகை மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் விதம், முகத்தின் பாவம் என்று பல உறுப்புகள் உண்டு. விரித்த உள்ளங்கையில் தொடங்கும் சொற்களையே அடுத்தடுத்துக் கோத்தால் அது மோனை. ஒரே அசைவில் முடியும் சொற்களைக் கோத்தால் அது இயைபு. ஒரு கை சொன்னதை மறுகை எதிர்ப்பக்கத்தில் திருப்பிச் சொன்னால் அங்கே ஒரு சமன் உண்டாகும், அதைக் குலைத்தால் பார்ப்பவருக்குத் திடுக்கிடும். வாலியின் புகழ்பெற்ற கவிதையொன்றில் தோட்டக்காரன் புல்வெளியில் முளைத்த டாண்டிலயன் பூக்களைப் பிடுங்கிப் பிடுங்கி எறிகிறான். ஒரு பூ விதையாக முதிர்ந்து காற்றில் பறக்கிறது. மறுபடி புல்வெளியெங்கும் மஞ்சள். பள்ளிகளில் சைகை மொழியைப் பிடுங்கி எறிந்த கதைதான் அது என்று அதைப் பார்க்கும் எந்தக் காது கேளாதவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வேல்ஸில் பிறந்த டோரதி மைல்ஸ் பிரிட்டிஷ், அமெரிக்கச் சைகை மொழிகள் இரண்டிலும் கவிதை செய்தார், ஒரே கவிதை கையிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்து நடக்கும்படி செய்து பார்த்தவர் அவர். 1984இல் ராச்செஸ்டர் நகரில் அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் காது கேளாத கவிஞர்களைச் சந்தித்தார். ஹைட்ரஜனையும் பாட்டுப் பெட்டியையும் ஒட்டவைத்துத் தான் எழுதிய ஒரு விசித்திரத் தொடரைச் சைகையில் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவர்களில் ஒருவரான பேட்ரிக் கிரேபில் எழுந்து செய்து காட்டினார். பாட்டுப் பெட்டிக்குள் இசைத்தட்டு சுழல்வதும் அது வெடித்துச் சிதறுவதும் ஒரே ஓட்டத்தில் வந்தன. கேட்ட கவிஞர் பூரித்துப் போனார்.

அசையும் சீரும் ஒலியில் மட்டும்தான் இருக்கும் என்பவர்கள் இதில் எதைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. அநேகமாக எதையும் பார்க்கவில்லை.

அடுத்த கட்சி, சைகை ஒரு மொழியே அல்ல, வெறும் கையாட்டம் என்பது. இதன் முகவரி மிலான் நகரம், 1880. காது கேளாதோர் கல்விக்கென்று கூடிய மாநாட்டில் 164 பேராளர்கள். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். வகுப்பறையில் சைகை கூடாது, வாய்ப்பேச்சே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த எண்பது தொண்ணூறு ஆண்டுகள் உலகமெங்கும் பிள்ளைகளின் கைகள் கட்டிப்போடப்பட்டன. சைகை மொழி அழிந்துவிடுமோ என்ற அச்சத்தில் 1913இல் காது கேளாத அமெரிக்கரான ஜார்ஜ் வெடிட்ஸ் அப்போது புதிதாக வந்த சினிமா கேமராவின் முன்னால் நின்று, அதைக் காக்கச் சொல்லிச் சைகையிலேயே பேசிப் பதிவு செய்தார். 1960இல் மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கோ அது முழு இலக்கணம் உள்ள மொழி என்று மொழியியல் முறைப்படி எழுதிக் காட்டினார். மிலான் தீர்மானத்தை அதே மாநாட்டின் வாரிசுகள் அதிகாரபூர்வமாக நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 2010 ஆயிற்று.

மலேசியாவின் கதையும் இதே பாதையில்தான் போகிறது. 1954இல் பினாங்கில் தொடங்கிய நாட்டின் முதல் காது கேளாதோர் பள்ளி வாய்ப்பேச்சு முறையைப் பின்பற்றியது. வகுப்பில் வாயைத் திறந்து ஒலியெழுப்பப் பழகிய பிள்ளைகள் விடுதிக்குத் திரும்பியதும் தங்களுக்குள் கையால் பேசிக்கொண்டார்கள். யாரும் கற்பிக்காமல் அப்படி வளர்ந்ததுதான் பினாங்குச் சைகை மொழி. பிறகு 1970களின் பிற்பகுதியில் அரசு சைகையைப் பள்ளிக்குள் அனுமதித்தபோது, மலாய் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையில் எழுதும் கோட் தாஙான் என்ற முறையைக் கொண்டுவந்தது. மலாய்ச் சொல்லின் முன்னொட்டுக்கு ஒரு சைகை, பின்னொட்டுக்கு ஒரு சைகை. இலக்கணத் தேர்வுக்கு உதவலாம், அதில் கதை சொல்லிப் பாருங்கள். காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசும் மலேசியச் சைகை மொழியை, அதாவது பிம்மை, அவர்களுக்குரிய அதிகாரபூர்வ மொழியாக ஏற்றது 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இந்தக் 'கையாட்டம்' வாதம் இன்னும் வேடிக்கையாகிறது. ஜாலான் பெர்ஹாலாவில் டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலைப் பள்ளி இருக்கிறது. அங்கே ஒரு பெண் பரதநாட்டியத்தில் பதாகம், திரிபதாகம் என்று விரல் மடக்கினால் பெற்றோர் நெகிழ்ந்துபோய் வீடியோ எடுப்பார்கள். கைவழி நயனம், நயனத்தின் வழி மனம் என்றெல்லாம் மேற்கோள் வரும். அதே வட்டாரத்தில் வொய்எம்சிஏ இருக்கிறது. காது கேளாதவர்களின் சந்திப்புகளும் சைகை மொழி வகுப்புகளும் பல்லாண்டுகளாக நடந்துவரும் இடம். அங்கிருந்து வெளியே வந்து சாலையோரம் நின்று இருவர் கையால் பேசிக்கொண்டால் அதே பெற்றோர் பிள்ளையின் முகத்தைத் திருப்பி, "அப்படிப் பார்க்கக் கூடாதும்மா" என்பார்கள். ஒரு கையசைவு கலை, இன்னொன்று குறை. இதற்கு இலக்கணக் காரணம் ஏதும் இல்லை.

(சைகை மொழியைப் பரதநாட்டிய முத்திரையோடு ஒப்பிட்டுப் பாராட்டுகிறவர்களும் உண்டு. நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனாலும் பிழை. முத்திரை, வாயால் பாடப்படும் பாட்டுக்குத் துணை போவது. பாட்டை எடுத்துவிட்டால் முத்திரையை மட்டும் வைத்துப் பால்காரரிடம் கணக்குப் பேச முடியாது. சைகை மொழியில் பால் கணக்கும் பேசலாம், பழமொழியும் சொல்லலாம், பொய்யும் சொல்லலாம்.)

இனி அந்த இரக்கமுள்ள பதில். நம்மவர்கள் எழுதியிருக்கிறார்கள்தான், சங்க காலம் முதல். புறநானூற்றின் 28ஆம் பாட்டு மனிதப் பிறவியின் எட்டுவகைக் குறைகளைப் பட்டியலிடும்போது பேச முடியாமையையும் கேளாமையையும் அதில் சேர்க்கிறது. குறுந்தொகையின் 58ஆம் பாட்டு இன்னும் கூர்மையானது. வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருகுகிறது. காவலுக்கு இருப்பவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் இல்லை. உருகுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறான். தலைவனின் காதல் நோய்க்கு வெள்ளிவீதியார் சொன்ன உவமை இது. இதில் கவனிக்க வேண்டியது, அவன் முழுக்கக் கையற்றுப்போக வேண்டுமென்றால் பேச்சை மட்டும் பறித்தால் போதாது என்று புலவருக்குத் தெரிந்திருப்பது. கை இருந்திருந்தால் வெண்ணெயை எடுத்திருப்பான், இல்லையென்றால் கைகாட்டி யாரையாவது அழைத்திருப்பான். பேசாதவனின் வலிமை கையில் இருக்கிறது என்ற கவனிப்பு அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பின்னால் வந்தவர்கள்தான் அதைத் தொலைத்துவிட்டார்கள்.

பின்னால் வந்தவர்கள் செய்தது உலகெங்கும் ஒரே மாதிரி. துர்கேனிவின் 'முமு' கதையில் எஜமானியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தன் நாயைத் தானே நீரில் மூழ்கடிக்கும் கெராசிம், தாகூரின் 'சுபா'வில் பேச்சில்லாதவள் என்பதை மறைத்துக் கட்டிக்கொடுக்கப்படும் பெண், இருவரும் மறக்க முடியாத பாத்திரங்கள். ஆனால் இருவருக்கும் தங்களைப் போன்ற இன்னொருவர் அந்தக் கதையில் கிடையாது. காது கேட்கிறவர் காது கேளாதவரைப் பற்றி எழுதும்போது முதலில் செய்வது அவரைத் தனியாக்குவது. கார்சன் மக்கல்லர்ஸின் 1940 நாவலில் வரும் சிங்கர் என்ற காது கேளாதவரிடம் ஊரே வந்து மனதைக் கொட்டுகிறது. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த நாவலை எழுதும் நாட்களில், காது கேளாதோர் மாநாடு ஒன்றுக்கு அழைத்துப் போகிறேன் என்று கணவர் சொன்னபோது மக்கல்லர்ஸ் மறுத்துவிட்டார். தன் மனதில் உருவாகிவிட்ட பாத்திரம் கலைந்துவிடுமாம். மேதைதான். ஆனால் எந்த இனத்தைப் பற்றியாவது இப்படி ஓர் எழுத்தாளர் சொல்லிவிட்டு இன்று தப்ப முடியுமா?

தமிழ்த் திரையில் 2007இல் வந்த 'மொழி' மற்றவற்றைவிட எவ்வளவோ மேல். ஜோதிகா நடித்த அர்ச்சனா யாருடைய இரக்கத்துக்கும் கையேந்துவதில்லை, அவளை விரும்புகிறவன்தான் சைகை மொழி கற்றுக்கொள்ளப் போகிறான். அதுவே தமிழ் சினிமாவுக்குப் பெரிய தாவல். ஆனாலும் படத்தின் கேள்வி ஓர் இசைக்கலைஞனின் கேள்விதான்: இசையை அறியாத பெண்ணிடம் இசையை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அவளுக்கு ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது அல்ல. இரண்டு ஆண்டு கழித்து 'நாடோடிகள்' வழியாக அபிநயா வந்தார், உண்மையிலேயே காது கேளாத நடிகை. அவருக்குப் பேசிக் கேட்கும் பாத்திரங்களைக் கொடுத்து இன்னொருவர் குரலை ஒட்டினார்கள். கேட்கும் நடிகை கேளாதவராக நடிக்கிறார், கேளாத நடிகை கேட்பவராக நடிக்கிறார்.

'நானும் ரௌடிதான்' (2015) படத்தின் காது கேளாத கதாநாயகி உதட்டசைவைப் படித்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறாள். வாசகர்கள் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். கண்ணாடி முன் நின்று குரல் எழுப்பாமல் 'பணம்' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'மணம்' என்று சொல்லுங்கள். உதட்டில் ஒரு மாற்றமும் தெரியாது. படம், மடம். பாலை, மாலை. ககரமும் ஙகரமும் தொண்டைக்குள்ளேயே முடிந்துவிடும். டகரத்தையும் ணகரத்தையும் நாக்கு உள்ளே மடங்கிச் செய்கிறது, வெளியே ஒன்றும் வராது. சம்பந்தம் பேச வந்தவர்கள் கேட்பது பணமா மணமா என்று உதட்டை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. காது கேளாத ஒருவர் அந்தத் திரைக்கதையை எழுதியிருந்தால் முதல் நகைச்சுவைக் காட்சியே இதுவாகத்தான் இருந்திருக்கும்.

இதனால்தான் 'பற்றி' எழுதியது போதும் என்ற வாதம் செல்லாது. பிரிட்டிஷ் கவிஞர் டெட் ஹியூஸ் காது கேளாத பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். பிள்ளைகளைச் சிறு விலங்குகளோடு ஒப்பிட்டிருந்தார். அப்படி ஒரு பள்ளியில் படித்த ரேமண்ட் ஆன்ட்ரபஸ் 2018இல் வெளியிட்ட தன் தொகுப்பில் அந்தக் கவிதையின் தலைப்பை விட்டுவிட்டு ஒவ்வொரு வரியையும் கறுப்பு மையால் அடித்து அச்சிட்டார். அந்தத் தொகுப்புக்கே டெட் ஹியூஸ் விருது கிடைத்தது. நடுவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா, நேர்மை இருந்ததா தெரியாது. எப்படியும் கவிதைக்கு நல்லது நடந்தது.

சரி, தமிழில் காது கேளாதவர்களின் எழுத்து ஏன் இல்லை? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பதிலைக் கேளாமையிலேயே தேடுகிறார்கள். பக்கத்திலேயே ஒரு மறுசான்று இருக்கிறது. மதன் வசிஷ்டா இமாச்சலப் பிரதேசக் கிராமத்துப் பையன். பதினோரு வயதில் காய்ச்சலில் செவித்திறன் போயிற்று. படிப்பு நின்று மாடு மேய்த்தார், வயலில் உழைத்தார். டெல்லிக்குப் போய்ப் புகைப்படத் தொழில் கற்றபோதுதான் தன்னைப் போன்றவர்களையும் அவர்கள் மொழியையும் கண்டார். 1967இல் வாஷிங்டனில் உள்ள காலடெட் கல்லூரிக்குப் போனார். அவருடைய 'டெஃப் இன் டெல்லி' என்ற தன்வரலாறு 2006இல் வந்தது. மந்திரவாதி முதல் வைத்தியர் வரை குடும்பம் அலைந்த கதையை அழவைக்காமல் சிரிக்கவைத்தே சொல்கிறார். அவரை எழுத்தாளராக்கியது தனிமையில் பொங்கிய சோகம் அல்ல. ஒரு கூட்டம், ஒரு மொழி, ஒரு கல்லூரி, ஒரு பதிப்பகம்.

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ காது கேளாமல் பிறக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இவற்றில் எது கிடைக்கிறது? சிறப்புப் பள்ளியில் பயிற்று மொழி மலாய். நண்பர்களோடு பேசுவது பிம். வீட்டில் அம்மா அப்பா பேசும் தமிழ் காதுக்கு எட்டாது, அதன் எழுத்தைப் பெரும்பாலும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அப்படி வளர்ந்தவர் பிம்மில் அபாரமான கதைசொல்லியாக இருக்கலாம். அவர் பாட்டிக்கு அவர் கதை ஒருநாளும் போய்ச் சேராது. தமிழ் எழுத்தாளர்கள் அவரை அறியாததற்குக் காரணம் அவர் காது அல்ல, அவர் கை பேசுவதை யாரும் தமிழில் எழுதிவைக்காதது.

எழுதப்படும்போதுகூட எப்படி எழுதப்படுகிறது என்பதற்குக் கோலாலம்பூரின் பங்சாரைப் பார்க்கலாம். 2016 ஜூலையில் பங்சார் வில்லேஜ் இரண்டில் காது கேளாத பணியாளர்கள் நடத்தும் ஸ்டார்பக்ஸ் கடை திறக்கப்பட்டது. உலகில் அந்த வகையில் அதுவே முதல் கடை, வாஷிங்டனில் அடுத்தது வர 2018 ஆயிற்று. வேலை, சம்பளம், மரியாதை எல்லாம் உண்டு, கடையில் குறை ஒன்றும் இல்லை. குறை அதைப் பற்றி எழுதப்படுவதில் இருக்கிறது. எந்த மொழிக் கட்டுரையை எடுத்தாலும் 'ஊக்கமூட்டும்', 'நெகிழவைக்கும்' என்றே ஓடுகிறது. கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர் வாடிக்கையாளர்களைப் பற்றி என்ன நினைக்கிறார், சைகை தெரியாமல் சத்தம் போட்டுப் பேசினால் புரிந்துவிடும் என்று நம்புகிறவரைப் பார்த்து உள்ளுக்குள் எப்படிச் சிரிக்கிறார் என்பதை அறிய யாருக்கும் ஆவல் இல்லை. இலக்கியம் அந்தச் சிரிப்பில் இருக்கிறது, நெகிழ்ச்சியில் இல்லை.

கடைசியாக ஒரு சாக்கு மிச்சமிருக்கிறது: அறிவியல் வளர்ந்துவிட்டது, காக்ளியர் கருவி வந்துவிட்டது, தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டிலேயே சிறு குழந்தைகளுக்குப் பொருத்துகிறார்கள், இன்னும் இருபது ஆண்டில் காது கேளாதவரே இருக்கமாட்டார், அவர் இலக்கியம் எதற்கு? கருவி பலருக்குப் பயன்படுகிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல. அறுவை முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் பயிற்சி தேவை, பாதியில் விட்டவர்கள் உண்டு. சாரா நோவிச் என்ற காது கேளாத எழுத்தாளர் 2022இல் எழுதிய 'ட்ரூ பிஸ்' நாவலின் நாயகி அப்படிப்பட்ட சிறுமிதான். தலைக்குள் கருவி இருக்கிறது, சரியாக வேலை செய்யவில்லை. கருவியை நம்பிப் பெற்றோர் சைகையும் கற்றுக்கொடுக்கவில்லை. பதின்வயதில் காது கேளாதோர் பள்ளிக்கு வரும்போது அவளிடம் முழுதாக ஒரு மொழியும் இல்லை. இந்த நாவலைக் காது கேட்கும் எழுத்தாளர் யாரும் எழுதியிருக்கவே முடியாது. ஒரு பிள்ளை மொழியே இல்லாமல் வளர்ந்துவிடக் கூடாது என்ற, நமக்கு முதலில் இருக்கவேண்டிய கவலையே அதில் இருக்கிறது.

வாசகர் எங்கே என்று பதிப்பாளர்கள் கேட்பார்கள். வாசகர் முன்பே இருக்கிறார், வழிதான் இல்லை. ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்துவது, பிம்மில் கதை சொல்பவர் ஒருவரை மேடைக்கு அழைப்பது, அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்து தமிழில் எழுத்தாக்குவது. கோலாலம்பூரில் இவற்றுக்கு ஆள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஊதியம், விழா மேடையில் வரிசையாகப் போர்த்தும் பொன்னாடைகளில் பாதியைக் குறைத்தாலே கட்டுப்படியாகிவிடும்.